எதிர்க்கடையில் கறுத்த திரை

டைப் அடித்துப் பிழைக்கிறவளுக்குத் தன் கடைத் திரையைப் பார்க்க ஒரு கண் போதும். மற்றக் கண் எதிர்க்கடைத் திரையில்தான் கிடக்கும்.

ஒரு முக்கில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஃபோட்டோஸ்டாட் மெஷினும் வைத்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் எதிரே ஒருத்தி இருப்பாள். இல்லையென்றால் சீக்கிரம் வருவாள். கேரள எல்லையோரம் குன்னத்துகாலில் எனக்கு வாய்த்தவள் பெயர் லில்லி. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அவள் பத்து வரை போய்த் தோற்றவள். பாறசாலையில் ஒரே இடத்தில், பக்கத்துப் பக்கத்து மெஷினில் டைப் படித்தோம். அவளுடைய விரல் என் விரலைவிட வேகம் என்று மாஸ்டர் ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னார். மாஸ்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் சொல் போகவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுதின தாளைக் கொடுத்துவிட்டு யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தன் பெயர் திரையில் வந்து விழுவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் எழும்புவார்கள். அதனால் நாங்கள் திரையை ரோட்டுப் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தே வைத்திருப்போம். அவள் என்ன அடிக்கிறாள் என்று எனக்குத் தெரியும், நான் என்ன அடிக்கிறேன் என்று அவளுக்கும் தெரியும்.

அடிக்கிறதில் எல்லாம் பெரியது அந்தோணியார் பெருநாள் நோட்டீஸ். ஒவ்வொரு நாள் ஜெபத்தை எந்த வீட்டுக்காரர்கள் நடத்துகிறார்கள் என்று ஒரு பக்கம் தமிழில், மறுபக்கம் மலையாளத்தில் வரும். கடைசி வரியில், பொடி எழுத்தில், 'தட்டச்சு: ஸ்டெல்லா' என்று என் பெயர் இருக்கும். அந்தப் பொடி எழுத்துக்கு ஒரு பங்கம் வரப் பார்த்த கதையைத்தான் சொல்கிறேன்.

மீனின் கண்

ஒருநாள் காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு எதிரே பார்த்தால் லில்லியின் திரை கறுத்துக் கிடக்கிறது. பொய் சொல்லவில்லை, அவளுடைய கம்ப்யூட்டர் போய்விட்டது என்று நினைத்து எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கறுப்பில் வெள்ளை எழுத்து ஓட ஆரம்பித்தது. பெரிய பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப்பெயர் ஓடுமே, அது மாதிரி. நாங்கள் இரண்டு பேரும் இப்போது ஆன்லைனில்தான் டைப் அடிக்கிறோம். எனக்கு வருகிற அதே பக்கம்தான் அவளுக்கும் வரும். என்னுடையது மட்டும் வெள்ளை.

அன்றைக்கே ஆள் கூடிவிட்டது. லோன் மனு எழுத வந்தவர்கள், சும்மா பஸ்ஸுக்கு நின்றவர்கள், எல்லாரும் அங்கே. கோயில் கமிட்டி செக்ரட்டரி தாசையன் அண்ணன் எந்த வேலையும் இல்லாமல் அவள் கடை வாசலில் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருநாள் நோட்டீசைக் கொண்டுவருகிறவர் அவர்தான். அதைப் பார்த்ததும் எனக்குக் கையில் வேலை ஓடவில்லை. கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவருகிற திரேசம்மாள் பாத்திரத்தை இறக்கி வைத்து அங்கே கொஞ்சம் பார்த்தாள், பிறகு என்னிடம் வந்து என் திரையைப் பார்த்தாள். இவள் நம்ம ஆள், நமக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று காத்திருந்தேன்.

"எக்கா, அவளுக்க பெட்டியில எழுத்து மின்னுது பாத்தியா. உனக்குள்ளது ஐஸ்ல கெடந்த மீனுக்க கண்ணு மாதிரி வெளுத்துப் போய் கெடக்கு."

தெருவிளக்கு மனு

ரோட்டைக் கடந்துபோய், "எட்டி லில்லி, இது எப்பிடி?" என்று கேட்டிருந்தால் ஒரு வாய் சாயா குடிக்கிற நேரத்தில் தீர்ந்திருக்கும். கேட்பேனா? நீங்கள் கேட்பீர்களா? நானே மவுஸைப் பிடித்துத் தேடினேன். பக்கத்தின் நிறம் என்று ஓர் இடம் இருந்தது. கறுப்பு வைத்தேன். எழுத்து காணாமல் போனது. எழுத்துக்கு வெள்ளை வைத்தேன். வந்தது. லில்லியின் திரையைவிடக் கறுப்பாக வந்தது. ஸ்டூலை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டு, ரோட்டில் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி திரையைத் திருப்பி வைத்தேன்.

முதலில் வந்தவர் ரப்பர் வெட்டுகிற ராஜமணி. அவர்கள் ஊடுவழியில் தெருவிளக்கு எரியவில்லை, பஞ்சாயத்துக்கு மனு வேண்டும். அடித்தேன். அவர் திரையைப் பார்த்து நல்ல சேல் உண்டு, பார்க்க அழகு என்றார். பெருமையாக பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டர் வழக்கமில்லாத ஒரு முனகல் முனகியது. தாள் மெல்ல, மிக மெல்ல வந்தது. மேலிருந்து கீழ்வரை கறுப்பு. மை நனைந்து தாள் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. நான் மாற்றியது திரையின் நிறத்தை அல்ல, தாளின் நிறத்தையாக்கும். புதிதாக நிரப்பின மை பாதிக்குமேல் அந்த ஒரு மனுவில் போய்விட்டது. எழுத்தெல்லாம் ஈரத்தில் அடைந்து, தேடினாலும் கிட்டவில்லை. ராஜமணி அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, சாமானியத்தில் பேசாத மனுஷன், ரொம்ப நேரம் யோசித்தார்.

"இத இப்பிடியே கொண்டு குடுக்கிலாம் அக்கா. எங்க வழி எப்பிடி கெடக்குண்ணு பஞ்சாயத்துக்காரங்க தெரிஞ்சுக்கிடட்டு."

சட்டம் போட்டாச்சு

கையெல்லாம் மை. லில்லி எதிரே இருந்து பார்த்துவிட்டாளோ என்று தலையைத் தூக்காமலே துடைத்தேன். பிறகு பாறசாலையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற சுனிலைப் போனில் கூப்பிட்டேன். அவன் சிரித்து முடிக்க நேரம் எடுத்தான். தாளின் நிறத்தை மாற்றப்படாது, தீம் மாற்ற வேண்டும், டார்க் தீம் என்று பெயர், அது பார்க்கிறவர்களுக்கு மட்டும் கறுக்கும், பிரிண்ட் வெள்ளையாகத்தான் வரும் என்றான். அவன் சொன்ன வரிசைப்படி அமுக்கினேன். கம்ப்யூட்டர் முழுக்கக் கறுத்தது. மேலே உள்ள மெனு கறுத்தது. ஓரம் எல்லாம் கறுத்தது. நடுவில் டைப் அடிக்கிற தாள் மட்டும் பால் போல வெள்ளையாகவே நின்றது.

சுனில் அதற்கு இனி வேறே ஒரு வழி பார்க்கணும், நாளை சொல்கிறேன் என்று வைத்துவிட்டான். ஒருநாள் முழுக்க அந்தக் கோலத்தில் இருந்தேன். எதிரே கறுப்பில் வெள்ளை ஓடுகிறது. என்னிடத்தில் கறுப்புக்கு நடுவே ஒரு வெள்ளைச் சதுரம். இன்ஷூரன்ஸ் தாளை ஃபோட்டோஸ்டாட் எடுக்க வந்த ஆட்டோக்காரன் வின்சென்ட் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"செத்தவங்க போட்டோவுக்குச் சட்டம் போட்டது மாதிரி உண்டு அக்கா. ஒரு மாலையும் போட்டு, முன்னால ஒரு திரியும் கொளுத்தி வச்சா சரியாவும்."

முடி கறுத்த மனுஷன்

மறுநாள் சுனில் ஒரு சாமானைச் சேர்க்கச் சொன்னான். எக்ஸ்டென்ஷன் என்று சொல்லுவார்கள், நம் வாயில் நுழைந்தால் போதும். அதைச் சேர்த்ததும் அந்த வெள்ளைச் சதுரமும் கறுத்தது. எழுத்து வெள்ளை. பிரிண்ட் எடுத்தால் தாள் வெள்ளை, எழுத்து கறுப்பு. எல்லாம் சரி. நான் எதிர்க்கடையைப் பார்த்து முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் அந்தச் சாமான் வெள்ளையைக் கண்ட இடத்திலெல்லாம் கறுப்பாக்கும், படத்தையும் விடாது என்று அவன் சொல்லியிருக்கவில்லை.

காரக்கோணம் வழியில் உள்ள பகவதியம்மாள், கணவனுடைய பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு அறிவிப்பு அடிக்க வந்தார். கூடவே போட்டோ. மனுஷனுக்கு வெள்ளை முடி, வெள்ளை மீசை, வெள்ளைச் சட்டை. ஸ்கேன் பண்ணித் திரையில் வைத்தேன். கறுகறுவென்று முடி, கறுத்த மீசை, கறுத்த சட்டை, முகம் மட்டும் நீலம் பாய்ந்து நிற்கிறார். மறைக்கலாம் என்றால் திரையை நான்தானே ரோட்டுக்குத் திருப்பி வைத்திருக்கிறேன். அந்த அம்மாள் அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அவர் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"மோளுக்க கல்யாணத்துக்காவது டை அடியுங்கோண்ணு காலப் பிடிச்சுப் பறஞ்சேன் மக்கா, கேக்கல்ல. இப்ப உனக்க கையால அடிச்சிட்டு நிக்கிறாரு பாரு."

மங்கள காரியம்

அதற்குள் எங்கள் முக்கில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. கறுத்த திரை மரண அறிவிப்புக்குச் சேரும், நல்ல காரியத்துக்குச் சேராது என்று. தாள் வெள்ளையாகத்தானே வரும் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? கண்முன்னால் பெயர் விழுவதைப் பார்க்க வருகிறவர்களுக்கு, பிள்ளையின் பெயர் கறுப்பில் விழுந்தால் நெஞ்சு பொறுக்காது.

வெள்ளறடைப் பக்கத்திலிருந்து ஒருவர், மகளின் கல்யாணத்துக்குப் பாலராமபுரத்தில் சேலை எடுத்துவிட்டு, கவரைக் கக்கத்தில் இடுக்கியபடி வந்தார். கல்யாணக் குறி, அதுதான் அழைப்பிதழ், அடிக்க வேண்டும். நேரே லில்லி கடைக்குப் போனார். அங்கே ஏதோ பேச்சு நடந்தது. எழுந்து ரோட்டைக் கடந்து என்னிடம் வந்தார். எனக்கு உள்ளே பெருநாள் வெடி வெடித்தது. ஸ்டூலில் உட்கார்ந்தவர் என் திரையையும் பார்த்து, இங்கேயும் துட்டியா, சாவு நிறமா என்று கேட்டு, பாதி எழும்பிவிட்டார். நான் ஒரே அமுக்கில் அந்தச் சாமானை நிறுத்தினேன். திரை வெளுத்தது. அவரும் உட்கார்ந்தார். மகளின் பெயர் வெள்ளையில் விழுந்தபோது கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அடித்து முடித்ததும், அங்கே என்ன தகராறு என்று மெல்லக் கேட்டேன். வெள்ளையாக்க முடியாது, வெள்ளை வேண்டுமென்றால் ஸ்டெல்லா கடைக்குப் போங்கள் என்று லில்லி சொன்னாளாம். கல்யாண வேலையைக் கையால் தள்ளிவிடுகிற அளவுக்கு அவளுக்கு ஆள் வருகிறதா? வேலை கிடைத்த சந்தோஷம் அந்த நிமிஷமே புளித்துப் போயிற்று. அவர் எழும்பும்போது பாதி மலையாளத்தில் எனக்குப் பிடித்த மாதிரிதான் ஒன்று சொன்னார், ஆனால் அதுவும் அன்றைக்கு இறங்கவில்லை.

"பட்டனில ஒரு ஞெக்கு ஞெக்கினா வெளுக்குந்ந காரியம். ஆ சேச்சிக்கு அதுக்கு மனசில்ல. வல்லிய பவரும் திமிருமாக்கும்."

ரோட்டைக் கடந்தது

இரண்டு நாள் கழித்து தாசையன் அண்ணன் கையில் தாளோடு லில்லி கடைக்குள் ஏறினார். அது பெருநாள் நோட்டீஸ் என்று தூரத்திலேயே தெரிந்தது; அவர் அந்தத் தாளை நற்கருணை மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடப்பார். எனக்கு உட்கார முடியவில்லை. பிரிண்டர் தாள் தீர்ந்துபோயிற்று, ஒரு கட்டு கடன் கேட்போம் என்று ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். நான் அவள் கடையில் கால் வைத்து எவ்வளவு காலமோ ஆகிவிட்டது.

உள்ளே போய்ப் பார்த்தால் அண்ணன் பெயர்களை உரக்க வாசிக்கிறார், லில்லி கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறாள். திரையில் ஒவ்வோர் எழுத்தும் சுவர் விளம்பரம் மாதிரி பெரிது. ரோட்டுக்கு அப்பாலிருந்து எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததன் காரணம் அதுதான். மேசைமேல் ஒரு கறுப்புக் கண்ணாடி, பக்கத்தில் கண்ணில் விடுகிற சொட்டு மருந்து.

வெள்ளைத் திரையைப் பார்த்தால் கண்ணில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதாம், நீர் கொட்டுமாம். காரக்கோணம் ஆஸ்பத்திரியில் காட்டி, கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள். முழுக்கச் சரியாகுமா என்று டாக்டர் இன்னும் வாய் திறக்கவில்லை. வெளிநாட்டில் நர்ஸ் வேலை பார்க்கிற மகள் அங்கே இருந்துகொண்டே கறுப்பு வைத்துக் கொடுத்திருக்கிறாள். வெளியே தெரிந்தால் ஆட்கள் எல்லாம் ரோட்டைக் கடந்து என்னிடம் வந்துவிடுவார்கள் என்று இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இதையெல்லாம் அவள் என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். என் முகம் அவளுக்கு எவ்வளவு தெரிந்ததோ, தெரியாது. பிறகு அவள் என்னைக் கேட்டாள், நீ எதற்குக் கறுப்பு வைத்தாய், உனக்கும் கண் போயிற்றா என்று. சும்மா, அழகுக்கு என்றேன். லில்லி கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"உனக்கும் கண்ணு போச்சுண்ணு நெனச்சு அந்தோணியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்ட்டீ. அது வரைக்கும் நீ வெளிச்சத்தப் பாத்துட்டு சும்மா இருக்கியேண்ணு எனக்க வயிறு எரிஞ்சது எனக்காக்கும் தெரியும்."

ஒரே தாள்

பிறகு நடந்தது தாசையன் அண்ணனுடைய யோசனை. லில்லியின் விரலுக்குக் கண் வேண்டாம், ஆனால் பிழை இருந்தால் அவளுக்குத் தெரியாது. எனக்குப் பிழை தெரியும், ஆனால் என் வேகத்தில் அடித்தால் பெருநாள் கொடி இறங்கிய பிறகுதான் நோட்டீஸ் வரும். ஆன்லைனில் இருக்கிற தாள்தானே, ஒன்றையே இரண்டு கடையிலும் திறக்கலாமே என்றார். லில்லி லிங்க் அனுப்பினாள். நான் என் கடைக்கு வந்து, அந்தக் கறுப்புச் சாமானையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, பழைய வெள்ளையில் திறந்தேன். திறந்த பிறகு பயம். இங்கே வெளுத்தால் அங்கேயும் வெளுத்து அவள் கண்ணைக் குத்துமோ? வாசலில் நின்று கூப்பிட்டுக் கேட்டேன். இங்கே கறுப்புதான் என்று அவள் பதிலுக்குக் கூப்பிட்டாள். அங்கே அவள் கறுப்பில் அடிக்க, இங்கே என் வெள்ளையில் பெயர் பெயராக வந்து விழுந்தது. நான் பின்னாலேயே போய்ப் பிழை எடுத்தேன். மாஸ்டர் சொன்னது சரிதான், அந்த விரல் இன்னும் வேகம். அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது லேசான காரியம் இல்லை, கேட்டீர்களா.

கடைசி வரி வந்தது. 'தட்டச்சு: லில்லி, ஸ்டெல்லா' என்று விழுந்தது. நான் பிழை எடுக்கிற கையால் அதை 'ஸ்டெல்லா, லில்லி' என்று மாற்றினேன். அவளுக்கு எழுத்துத்தான் பெரிதாகத் தெரியுமே, உடனே திரும்ப மாற்றினாள். நானும் விடவில்லை. லில்லி பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாசையன் அண்ணன், பெயர்கள் தானாகவே இடம் மாறி மாறிச் சாடிக் குதிப்பதைப் பார்த்து முதலில் பயந்து, பிறகு விஷயம் பிடிகிட்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் வந்து நின்றார். பஸ் ஒன்று அவருக்காக நின்றது.

"தமிழுக்க அடியில ஸ்டெல்லா முன்ன, மலையாளத்துக்க அடியில லில்லி முன்ன. இனி ஒருத்தி கை வச்சா, அந்தோணியாரு அடிச்சதுண்ணு போட்டு நான் பிரசுக்குக் குடுத்திருவேன்."

நோட்டீஸ் அச்சாகி வந்த ஞாயிற்றுக்கிழமை, அதைக் கையில் வாங்குகிறவர்கள் எந்தப் பக்கத்தை முதலில் திருப்புகிறார்கள் என்று கோயில் வாசலின் ஒரு பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன், மறுபக்கம் நின்று லில்லி பக்கத்தில் உள்ளவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் தொழில் இவ்வளவுதான்.